மனிதக் குரங்குகளின் ஜீனோமில் மைட்டோகாண்ட்ரியத் துண்டுகளைத் தேடுவோருக்கு: யூசிஎஸ்சி ஜீனோம் பிரௌசர், ஒரு மதிப்புரை

சான்டா குரூஸிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் நடத்தும் யூசிஎஸ்சி ஜீனோம் பிரௌசர், 2000ஆம் ஆண்டு மனித ஜீனோமின் (முழு டிஎன்ஏ வரிசையின்) முதல் வரைவு இணையத்தில் வெளியானதையொட்டித் தொடங்கிய இலவசச் சேவை. நோய் தரும் மரபணுத் திரிபுகளைப் பார்க்கும் மருத்துவர் முதல் பரிணாமத்தை ஆராயும் மாணவர் வரை பலருக்கும் பலவிதமாக அது பயன்படுகிறது. நான் இங்கே அதை ஒரே ஒரு வேலைக்காக மட்டும் மதிப்பிடுகிறேன். மனிதன், சிம்பன்சி, போனபோ, கொரில்லா, ஒராங்குட்டான் ஆகியோரின் உட்கரு டிஎன்ஏவுக்குள் புகுந்து தங்கிவிட்ட மைட்டோகாண்ட்ரியத் துண்டுகளைக் கண்டுபிடிப்பதும், அவற்றுள் எது எந்த இனத்தில் இருக்கிறது, எதில் இல்லை என்று ஒப்பிட்டுப் பார்ப்பதுமே அந்த வேலை. அண்மைக் காலத்தில் புகுந்த துண்டுகளைக் கண்ணால் கண்டு உறுதிசெய்ய இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. பழைய துண்டுகளை முழுமையாக எண்ணிப் பட்டியலிட இது மட்டும் போதாது.

பொருள் புதிதாக இருப்பவர்களுக்குச் சில வரிகள். மைட்டோகாண்ட்ரியாவுக்கெனத் தனியாக ஒரு சிறு வட்ட டிஎன்ஏ உண்டு. மனிதனில் அதன் நீளம் 16,569 கார இணைகள், அதாவது டிஎன்ஏ எழுத்துகள். உட்கருவிலுள்ள குரோமோசோமின் இரு இழைகளும் ஓரிடத்தில் அறுந்து, செல் அதை அவசரமாக ஒட்டவைக்கும் வேளையில், அருகில் கிடக்கும் மைட்டோகாண்ட்ரியத் துண்டு ஒன்று இடையில் சிக்கி அங்கேயே நிலைத்துவிடுவதுண்டு. பூனைகளை ஆராய்ந்த குழுவொன்று 1994இல் இத்தகைய துண்டுகளுக்கு நியூமைட் என்று பெயர் சூட்டியது. இரு டிஎன்ஏக்களும் பயன்படுத்தும் மரபுக் குறியீடு சற்றே வேறுபடுவதால், மைட்டோகாண்ட்ரியாவில் ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூவெழுத்து உட்கருவில் நிறுத்தக் குறியாகிவிடும். ஆகவே அந்தத் துண்டிலுள்ள மரபணுக்கள் புகுந்த கணத்திலேயே செயலற்றவை. விலங்குகளின் உட்கருவில் திரிபுகள் மெதுவாகவே சேர்வதால், வேகமாக மாறிக்கொண்டே வந்த மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏவின் பழைய வடிவத்தை இத்துண்டுகள் புதைபடிவம் போலக் காத்து வைத்திருக்கின்றன. பரிணாம ஆய்வாளர்களுக்கு இவை விலைமதிப்பற்றவையாக இருப்பது இதனால்தான்.

இவை தொல்லையும் தரும். 1994இல் டைனோசர் எலும்பிலிருந்து எடுத்ததாக அறிவிக்கப்பட்ட சைட்டோகுரோம் பி என்ற மைட்டோகாண்ட்ரிய மரபணுவின் வரிசை, உண்மையில் மனித உட்கருவில் உள்ள இத்தகைய துண்டாகவே இருக்க வேண்டும் என்று அடுத்த ஆண்டே காட்டப்பட்டது. எங்கே என்ன துண்டு இருக்கிறது என்று எளிதில் பார்த்துக்கொள்ள ஒரு கருவி அவசியம் என்பதற்கு இந்த ஒரு நிகழ்வே போதும்.

இந்தச் சேவையின் மையம் பிளாட் என்ற தேடல் கருவி. ஜிம் கென்ட் எழுதி 2002இல் வெளியிட்ட இந்த நிரல், ஒரு ஜீனோம் முழுவதையும் பதினோரு எழுத்துத் துண்டுகளின் அட்டவணையாக நினைவகத்தில் வைத்திருப்பதால், விடை சில நொடிகளில் வந்துவிடுகிறது. ஒரு வரிசைக்கு 25,000 எழுத்துகள் வரை அனுமதி உண்டு என்பதால் மனித மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏவை முழுதாக ஒரே முறையில் ஒட்டிவிடலாம். எச்ஜி38 என்ற மனிதத் தொகுப்பில் (துண்டு துண்டாகப் படித்த டிஎன்ஏவை இணைத்து எழுதிய ஜீனோமில்) தேடினால், மைட்டோகாண்ட்ரியாவே நூறு சதவீத ஒற்றுமையுடன் முதலில் நிற்கும். அதன் கீழே ஒவ்வொரு குரோமோசோமாக நீண்ட பட்டியல் விரியும். முதன்முறை பார்க்கும் மாணவர் எவரும் அந்தப் பட்டியலின் நீளத்தைக் கண்டு வியக்காமல் இருப்பதில்லை.

அந்தப் பட்டியலில் 1ஆம் குரோமோசோமின் நுனியருகே உள்ள ஒரு துண்டை மட்டும் சொடுக்கிப் பார்க்குமாறு பரிந்துரைக்கிறேன். ஏறத்தாழ 6,29,000இலிருந்து 6,35,000 வரையிலான இடத்தில், 5,842 எழுத்து நீளத்தில், மைட்டோகாண்ட்ரியாவின் 3,914ஆம் எழுத்து முதல் 9,755ஆம் எழுத்து வரையிலான பகுதி அப்படியே கிடக்கிறது. ஒற்றுமை 98 சதவீதத்துக்கு மேல். மரபணுத் தடத்தை, அதாவது வரிசையின் கீழே மரபணுக்களைக் காட்டும் பட்டையை, திறந்தால், என்டி2, சிஓ1, சிஓ2, ஏடிபி8, ஏடிபி6, சிஓ3 ஆகியவற்றின் போலி மரபணுக்கள் (செயலற்ற நகல்கள்), மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள அதே வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்பதைக் காணலாம். அதே இடத்தில் ஆர்என்ஏ அளவுத் தடங்கள் சிலவற்றைத் திறந்தால் மலைபோல ஒரு மேடு தெரியும். இந்தப் போலி மரபணுக்கள் அவ்வளவு தீவிரமாக இயங்குகின்றன என்று அதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. மைட்டோகாண்ட்ரியாவில் உருவான ஆர்என்ஏ துண்டுகள், வரிசை ஒத்திருப்பதால், இங்கே தவறாகப் பொருத்தப்பட்டுள்ளன. மனித ஜீனோமின் செயல்படும் பகுதிகளைப் பட்டியலிடும் என்கோட் திட்டத்தினர் தம் பகுப்பாய்வுகளிலிருந்து ஒதுக்க வேண்டிய பகுதிகளின் பட்டியலில் இந்த இடத்தையும் சேர்த்திருக்கிறார்கள். அந்தப் பட்டியலும் இதே பிரௌசரில் ஒரு தடமாகக் கிடைப்பதால், மேட்டையும் அதற்கான எச்சரிக்கையையும் ஒரே திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்க்க முடிகிறது. இந்த வசதி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

இனி இந்தத் துண்டு சிம்பன்சியிடமும் இருக்கிறதா என்ற கேள்வி. மனித, சிம்பன்சி மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏக்கள் ஒன்றுக்கொன்று ஏறத்தாழ 9 சதவீதம் வேறுபடுகின்றன. இந்தத் துண்டோ இன்றைய மனித மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து 2 சதவீதம்கூட விலகவில்லை என்பதால், இரு கிளைகளும் பிரிந்த பிறகு மனிதக் கிளையில் புகுந்தது இது என்று வரிசையை வைத்தே ஊகிக்கலாம். இத்தகைய ஊகத்தைச் சரிபார்க்க உதவுவது, பிரௌசரின் ஒப்பீட்டு ஜீனோமியல் பிரிவிலுள்ள சங்கிலித் தடம். சிம்பன்சியின் குரோமோசோம் மனித வரிசையோடு பொருந்தும் இடங்களை அது கட்டங்களாகவும், பொருந்தாத இடைவெளிகளைக் கோடுகளாகவும் காட்டுகிறது. ஒற்றைக் கோடு என்றால், சிம்பன்சியில் அந்தப் பகுதி இல்லை அல்லது மனிதனில் கூடுதலாக ஒரு பகுதி புகுந்திருக்கிறது என்று பொருள். இரட்டைக் கோடு என்றால் இரு பக்கமும் வேறு வேறு வரிசைகள் உள்ளன. நியூமைட்டின் இரு ஓரங்களிலும் கட்டங்கள் முடிந்து, இடையில் அதே நீளத்துக்கு ஒற்றைக் கோடு ஓடினால், புகுவதற்கு முந்தைய வெற்றிடம் சிம்பன்சியில் அப்படியே இருக்கிறது என்று நம்பலாம். திரையை நன்றாகப் பெரிதாக்கி எழுத்து அளவுக்கு இறங்கினால், அறுந்த இடம் எந்தக் கார இணைகளுக்கு இடையில் என்பதைக்கூடச் சுட்டிக்காட்ட முடிகிறது.

இங்கே ஒரு கவனம் தேவை. சிம்பன்சியின் மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏவும் இந்தத் துண்டோடு பொருந்துமாதலால், அதிலிருந்து வந்த சங்கிலி ஒன்றும் இடைவெளியை நிரப்பிக்கொண்டு நிற்கலாம். அதைக் கண்டு, சிம்பன்சியின் உட்கருவிலும் துண்டு இருப்பதாக முடிவு கட்டிவிடக்கூடாது. ஒவ்வொரு சங்கிலியையும் சொடுக்கி அது எந்தக் குரோமோசோமிலிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். லிஃப்ட்ஓவர் என்ற இட மாற்றக் கருவியைப் பயன்படுத்துவோரும், துண்டின் எண்களைக் கொடுப்பதைவிட அதன் இருபுறமும் உள்ள சில நூறு எழுத்துகளின் எண்களைக் கொடுத்து மாற்றுவதே நல்லது. இரு ஓரங்களும் சிம்பன்சியின் ஒரே குரோமோசோமில் ஒட்டியபடி வந்து சேர்ந்தால் இடையில் ஒன்றுமில்லை என்று தெளியலாம்.

ஒரே துண்டு ஒரே இடத்தில் இரண்டு இனங்களில் தனித்தனியே புகுவது நடக்கக்கூடியதன்று என்பதாலும், புகுவதற்கு முந்தைய நிலை எதுவென்று ஐயமின்றித் தெரிவதாலும், நியூமைட்டுகள் இனவழிப் பிரிவுக்கு நல்ல சான்றுகள். ஆயினும் கொரில்லா விஷயத்தில் நிதானம் வேண்டும். 2012இல் வெளியான கொரில்லா ஜீனோம் ஆய்வின்படி, அதன் ஜீனோமில் ஏறத்தாழ 30 சதவீதப் பகுதிகளில், மனிதனும் சிம்பன்சியும் ஒன்றுக்கொன்று நெருங்கியிருப்பதைவிடக் கொரில்லாவே அவ்விரண்டில் ஒன்றுக்கு அதிகம் நெருங்கியிருக்கிறது. பொது மூதாதையரிடையே இருந்த வேற்றுமைகள், இனங்கள் அடுத்தடுத்துப் பிரிந்தபோது தாறுமாறாகப் பங்கிடப்பட்டதன் விளைவு இது. மனிதனிலும் கொரில்லாவிலும் இருந்து சிம்பன்சியில் மட்டும் இல்லாத துண்டு ஒன்று கண்ணில் பட்டால், தொகுப்பில் பிழை என்று ஒதுக்குவதற்கு முன் இதை நினைக்க வேண்டும்.

குறைகளுக்கு வருகிறேன். பிளாட், 25 எழுத்துக்குக் குறையாமல் 95 சதவீதமும் அதற்கு மேலும் ஒத்திருக்கும் வரிசைகளை விரைந்து கண்டுபிடிப்பதற்காக வடிவமைக்கப்பட்டது; அதைச் சேவையின் பக்கத்திலேயே வெளிப்படையாக எழுதியிருக்கிறார்கள். மனிதக் குரங்குகள் அனைவருக்கும் பொதுவான, ஒராங்குட்டான் கிளை பிரிவதற்கு முன்பே புகுந்த துண்டுகள் பல, அந்த அளவைவிட அதிகமாக விலகிவிட்டவை. நீளமானவை எப்படியோ சிக்கிவிடுகின்றன, சிறியவை தப்பிவிடுகின்றன. ஆகவே பிளாட் பட்டியலின் எண்ணிக்கையை எடுத்துக்கொண்டு கொரில்லாவில் இத்தனை, போனபோவில் இத்தனை என்று கட்டுரை எழுதுவது தவறு. அதற்குப் பிளாஸ்ட் அல்லது லாஸ்ட் என்ற வரிசைத் தேடல் நிரலைத் தளர்ந்த அளவுகோல்களுடன் தனியாக ஓட்டியே ஆக வேண்டும்.

இரண்டாவது சிக்கல் அதிகம் பேசப்படாதது. மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏ வட்டமானது. அதை எழுத்து வரிசையாக எழுதும்போது மரபணுக்கள் இல்லாத கட்டுப்பாட்டுப் பகுதியின் நடுவில் வெட்டி அங்கிருந்து 1 என்று எண்ணத் தொடங்குகிறோம். அந்த வெட்டைத் தாண்டி இருபுறமும் நீளும் நியூமைட், பிளாட்டில் இரண்டு தனித் துண்டுகளாக வந்து நிற்கும். வரிசையை வேறிடத்தில் வெட்டி, முன்பாதியைப் பின்னால் இணைத்து மறுபடி ஒருமுறை தேடினால் இந்தக் குழப்பம் தீரும். இதற்கு நேர்மாறாக, அருகருகே கிடக்கும் இரண்டு வேறு துண்டுகளை, இடையில் இன்ட்ரான் (மரபணுவின் நடுவே வரும், புரதமாகாத பகுதி) இருப்பதாக எண்ணி, பிளாட் ஒன்றாகத் தைத்துவிடுவதும் உண்டு. பட்டியலின் கடைசிப் பத்தியில் உள்ள பரப்பு எண், பொருந்திய எழுத்துகளின் எண்ணிக்கையைவிட மிகப் பெரிதாக இருந்தால் அந்த வரியைத் திறந்து பார்க்காமல் ஏற்கக்கூடாது.

தேடும்போது அந்தந்த இனத்தின் சொந்த மைட்டோகாண்ட்ரிய வரிசையையே ஒட்ட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். சிம்பன்சியின் மேற்கோள் வரிசை 16,554 எழுத்துகள், கொரில்லாவினுடையது 16,364. மனித வரிசையைக் கொண்டு கொரில்லாவின் ஜீனோமில் தேடினால், கொரில்லாக் கிளையில் மட்டும் புதிதாகப் புகுந்தவை ஒற்றுமை குறைந்து பட்டியலின் அடியில் போய்விடும். தேடுவோர் ஆவலுடன் பார்க்க விரும்புவது பெரும்பாலும் அவற்றைத்தான்.

கொரில்லாவைக் குறித்து இன்னும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். காட்டுக் கொரில்லாக்களைப் பிடித்து இரத்தம் எடுப்பது முறையன்று, எளிதுமன்று. ஆகவே அவை உறங்கி எழுந்த கூடுகளில் உதிர்ந்த முடி, சாணம், அருங்காட்சியகத் தோல்கள் ஆகியவற்றிலிருந்தே டிஎன்ஏ எடுக்கிறார்கள். அவற்றில் டிஎன்ஏ சிதைந்து சிறு துண்டுகளாகவே கிடைக்கும். அதிகம் மாறும் முதல் பகுதி என்று அழைக்கப்படும் கட்டுப்பாட்டுப் பகுதியின் சிறு நீளத்தைப் பெருக்கி, குழுக்களிடையே உறவு காண்பதே வழக்கமாக இருந்தது. கொரில்லாவின் உட்கருவிலோ அதே பகுதியின் நகல்கள் பல. 2004இல் தால்மன் குழுவினர் மனிதனையும் பிற மனிதக் குரங்குகளையும் ஒப்பிட்டு வெளியிட்ட எச்சரிக்கைக் கட்டுரைக்குப் பிறகு, பழைய கொரில்லாத் தரவுகளில் எது மைட்டோகாண்ட்ரியா, எது உட்கரு நகல் என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாமல் போனது. காப்புத் திட்டங்கள் இத்தரவுகளை நம்பித் தீட்டப்படுவதால், இது ஆய்வகத்துக்குள் முடிந்துவிடும் விவாதம் அன்று.

இந்த இடத்தில் பிசிஆர் என்ற டிஎன்ஏ பெருக்கும் முறையைக் கணினியிலேயே செய்து பார்க்கும், பிரௌசரின் இன்-சிலிகோ பிசிஆர் கருவி உண்மையாகவே உதவுகிறது. பயன்படுத்தப் போகும் இரு பிரைமர்களையும் (பெருக்கத்தைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ இழைகளையும்) கொடுத்தால், அந்த ஜீனோமில் எந்தெந்த இடங்களிலிருந்து எவ்வளவு நீளத் துண்டு பெருகிவரும் என்று அது காட்டும். மைட்டோகாண்ட்ரியாவுக்கென்று வடிவமைத்த பிரைமர்கள் உட்கருவில் எங்காவது முழுமையாகப் பொருந்தினால் உடனே தெரிந்துவிடும். ஆனால் பிரைமரின் 3' முனையில் (இழை நீளத் தொடங்கும் முனையில்) குறைந்தது 15 எழுத்துகள் பிசகின்றிப் பொருந்த வேண்டும் என்பது அதன் நிபந்தனை. ஆய்வுக்கூடத்தில் ஓரிரு எழுத்து பிசகினாலும் பெருக்கம் நடக்கும். ஆகவே இந்தக் கருவி காட்டுவதை நம்பலாம், காட்டாமல் விடுவதை நம்பி நிம்மதியடையக் கூடாது. பிரைமர்களின் இலக்குப் பகுதியைப் பிளாட்டில் தனியாகத் தேடி, கிடைக்கும் ஒவ்வொரு நகலிலும் பிரைமர் இருக்கும் இடத்தைக் கண்ணால் பார்ப்பதே பாதுகாப்பான வழி.

என் பெரிய மனக்குறை வேறொன்று. எச்ஜி19 என்ற பழைய மனிதத் தொகுப்பில், இத்தாலியின் பாரி பல்கலைக்கழகத்தினர் 2011இல் தொகுத்த நியூமைட்டுகள் தனித் தடமாகவே இடம்பெற்றிருக்கின்றன. உட்கருவில் எந்த இடம், மைட்டோகாண்ட்ரியாவில் எந்தப் பகுதி என இரு பக்கமிருந்தும் பார்க்கும்படி அழகாக அமைத்திருக்கிறார்கள். சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டான் தொகுப்புகளைத் திறப்பவருக்கோ அப்படி ஒரு வழிகாட்டி கிடைப்பதில்லை. மீள்வரிசைகளைக் குறிக்கும் ரிபீட்மாஸ்கர் தடமும் நியூமைட்டுகளை அடையாளம் காட்டுவதில்லை என்பதால், அறியாதவர் கண்ணுக்கு அந்த இடம் சாதாரண டிஎன்ஏவாகவே தெரியும். எச்ஜி19ஐப் பயன்படுத்துவோர் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். அதில் முதலில் சேர்க்கப்பட்ட மைட்டோகாண்ட்ரியா 16,571 எழுத்துகள் கொண்ட வேறொரு வரிசை. ஆய்வுலகம் பயன்படுத்தும் 16,569 எழுத்து மேற்கோள் வரிசை பின்னாளில்தான் தனியாகச் சேர்க்கப்பட்டது. இரண்டையும் கலந்துவிட்டால் எண்கள் இடம் தவறும். எச்ஜி38இல் இந்தச் சிக்கல் இல்லை.

தொகுப்புகளின் தரம் கடந்த சில ஆண்டுகளில் வெகுவாக உயர்ந்திருக்கிறது. 2018இல் டிஎன்ஏவை நீண்ட துண்டுகளாகப் படிக்கும் முறையில் சிம்பன்சி, ஒராங்குட்டான் ஜீனோம்கள் புதிதாகத் தொகுக்கப்பட்டன. 2022இல் மனித ஜீனோம் இடைவெளியின்றி முடிக்கப்பட்டது. 2025இல் சிம்பன்சி, போனபோ, கொரில்லா, இரு ஒராங்குட்டான் இனங்கள், சியாமாங் கிப்பன் ஆகியவற்றின் முழு ஜீனோம்களும் வெளிவந்தன. குரோமோசோமின் இடுப்புப் பகுதியான சென்ட்ரோமியரை ஒட்டிய, முன்பு எழுதப்படாமல் கிடந்த பகுதிகளில் எந்தத் துண்டுகள் ஒளிந்திருந்தன என்று பார்க்க இவையே தேவை. இந்தப் புதிய தொகுப்புகள் பிரௌசரின் ஜென்ஆர்க் பிரிவில் கிடைக்கின்றன. அங்கே முதல் பிளாட் தேடலுக்குச் சற்றுக் காத்திருக்க நேரலாம், அடுத்தவை விரைவாக வரும். ஆனால் எவ்வளவு முழுமையாக இருந்தாலும் ஒரு தொகுப்பு ஓரிரு உயிர்களின் ஜீனோம் மட்டுமே. 2022இல் 66,083 மனித ஜீனோம்களை ஆராய்ந்தவர்கள் 1,637 வேறுவேறு நியூமைட்டுகளைக் கண்டார்கள். ஏறத்தாழ பத்தாயிரம் பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் புதிய துண்டு புகுவதாகவும் கணித்தார்கள். மேற்கோள் ஜீனோமில் இல்லாததால் ஒரு துண்டு மனிதரிடமே இல்லை என்று சொல்லிவிட முடியாது என்றால், ஒரேயொரு கொரில்லாவின் ஜீனோமை வைத்து எல்லாக் கொரில்லாக்களுக்கும் தீர்ப்பு எழுதுவது எவ்வளவு துணிச்சல் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

பயன்பாட்டுக்கான சில விவரங்கள். இணையதளத்தைப் பயன்படுத்தக் கட்டணமில்லை. நிரலை வணிக நிறுவனங்கள் தம் கணினியில் நிறுவிக்கொள்ள உரிமம் பெற வேண்டும். தானியங்கி நிரல் கொண்டு பிளாட்டை அழைப்போருக்கு 15 நொடிக்கு ஒரு தேடல், நாளொன்றுக்கு 5,000 தேடல் என்ற வரம்பு உண்டு. இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து பயன்படுத்துவோருக்கு ஜப்பானிலுள்ள ஆசியக் கண்ணாடித் தளம் (அதே சேவையின் நகல்) விரைவாக இருக்கலாம். என்செம்பிள் என்ற மற்றொரு ஜீனோம் பிரௌசரிலும் இதே வேலையைச் செய்யலாம். இனங்களுக்கிடையே மரபணுக்களை ஒப்பிடுவதில் அது வலுவானது, ஆனால் மரபணுக்களே இல்லாத வெற்று டிஎன்ஏவில் கிடக்கும் ஒரு துண்டின் ஓரங்களை நுணுகிப் பார்க்க யூசிஎஸ்சியின் சங்கிலித் தடமே எனக்கு வசதியாகப் படுகிறது.

கொரில்லாவுக்கும் ஒராங்குட்டானுக்கும் நியூமைட் தடம் இல்லாத குறையை ஓரளவு நாமே தீர்த்துக்கொள்ளலாம். பிளாட் முடிவுப் பக்கத்தில், கிடைத்த பொருத்தங்கள் அனைத்தையும் சொந்தத் தடமாக மாற்றும் பொத்தான் இருக்கிறது. அதே வடிவில் பிளாஸ்ட், லாஸ்ட் முடிவுகளையும் பதிவேற்றி, மூன்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, அந்தத் திரையை அப்படியே செஷனாகச் சேமித்து இணைப்பை வகுப்பிலுள்ள எல்லோருக்கும் அனுப்பலாம். ஒரு தளத்தில் சேமித்த செஷன் கண்ணாடித் தளங்களில் திறக்காது என்பதால், அமெரிக்கத் தளமா ஆசியத் தளமா என்பதைத் தொடக்கத்திலேயே முடிவு செய்துகொண்டு வேலையைத் தொடங்குவது நல்லது.